காரி முட்ட, ராக்னர் உதைக்க: ஹெய்மிர் ஹால்கிரிம்சனின் கால்பந்துக் கணக்கு

2016 ஜூன் 27, பிரான்ஸின் நீஸ் நகரம். யூரோ கோப்பை, நாக் அவுட் சுற்று. 4-வது நிமிடத்தில் ரூனி பெனால்டியை உள்ளே தள்ள, இங்கிலாந்து 1-0. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, ஐஸ்லாந்துக்கு ஒரு த்ரோ இன், அதாவது பக்கக் கோட்டைத் தாண்டிய பந்தைக் கையால் உள்ளே வீசும் வாய்ப்பு, கிடைக்கிறது. கேப்டன் அரோன் குன்னார்சன் பந்தைத் துடைக்கிறார், சில எட்டுகள் பின்னால் போகிறார், ஓடிவந்து வீசுகிறார். பந்து கோல் கம்பம் பக்கமாக இறங்குகிறது. அங்கே நிற்கும் காரி ஆர்னாசன் அதைத் தலையால் பின்பக்கம் தட்டிவிட, பின்னாலிருந்து ஓடிவந்த ராக்னர் சிகுர்ட்சன் காலை நீட்டுகிறார். 1-1. காரியைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் ரூனி. ராக்னரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் கைல் வாக்கர். இருவரும் ஆளை விட்டுவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஐந்து நாளைக்கு முன்புதான் ஆஸ்திரியாவுக்கு எதிராக இதே வித்தையில் ஐஸ்லாந்து கோல் போட்டிருந்தது. அதே அரோன் வீச்சு, அதே காரி தலை, கடைசியில் மட்டும் ராக்னருக்குப் பதில் யோன் தாதி பொத்வார்சன். இங்கிலாந்து அதைப் பார்க்காமல் வந்திருக்க முடியாது. பார்த்தும் தடுக்க முடியவில்லை. அன்று இரவு ஐஸ்லாந்து 2-1 என்று ஜெயித்ததும் எல்லோரும் ஐஸ்லாந்து ரசிகர்கள் தலைக்கு மேல் கையைத் தூக்கி ஒன்றாகத் தட்டும் அந்தக் கைதட்டலைப் பற்றியும், அணியின் பயிற்சியாளர்களில் ஒருவர் பல் மருத்துவர் என்பதைப் பற்றியும் எழுதித் தீர்த்தார்கள். எனக்கென்னவோ அந்த த்ரோ இன்தான் அந்தப் பல் மருத்துவரின் முழு ஜாதகம் என்று தோன்றுகிறது.

அவர் பெயர் ஹெய்மிர் ஹால்கிரிம்சன். ஹால்கிரிம்சன் குடும்பப் பெயர் அல்ல. ஹால்கிரிமுர் என்பவரின் மகன் என்றுதான் அர்த்தம், நம்மூர் இனிஷியல் மாதிரி. ஐஸ்லாந்தில் பிரதமரையும் முதல் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். நாமும் ஹெய்மிர் என்றே சொல்வோம்.

முதலில் அந்த வீச்சை அளந்து பார்க்கலாம். சர்வதேச மைதானத்தின் அகலம் 68 மீட்டர். பாதி 34. கோலின் அகலம் 7.32 மீட்டர், அதில் பாதியைக் கழித்தால் பக்கக் கோட்டிலிருந்து அருகிலுள்ள கம்பத்துக்கு 30 மீட்டருக்குச் சற்று மேல். கோலுக்கு முன்னால் இருக்கும் சின்னப் பெட்டியின் ஓரம் பக்கக் கோட்டிலிருந்து ஏறக்குறைய 25 மீட்டர். காரி நிற்பது இந்த 25-க்கும் 30-க்கும் நடுவில். ஆக, வீசுபவர் 25 மீட்டராவது எறிய வேண்டும், அதுவும் உயரமாகத் தூக்கி அல்ல, தட்டையாக. உயரத் தூக்கினால் பந்து காற்றில் மிதக்கும், கோல்கீப்பர் நிதானமாக வெளியே வந்து பிடித்துவிடுவார். அரோன் சிறுவயதில் ஹேண்ட்பால் ஆடியவர். ஐஸ்லாந்தில் ஹேண்ட்பால் பெரிய விளையாட்டு, 2008 ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய நாடு. அந்தத் தோள் அங்கிருந்து வந்தது.

சட்டமும் இதற்குச் சாதகம். த்ரோ இன்னில் ஆஃப்சைட், அதாவது தடுப்பவர்களைத் தாண்டிப் போய்ப் பந்துக்குக் காத்திருக்கக் கூடாது என்ற விதி, கிடையாது. ஆகவே இரண்டு பேர் தைரியமாக கோல்கீப்பரின் மூக்குக்கு நேராக நிற்கலாம், அவர் நகர முடியாது. 190 சென்டிமீட்டர் உயரமுள்ள காரி முன்னால் நின்று முதல் பந்தை முட்டுவார். அவர் வேலை கோல் போடுவது அல்ல. கையால் எறிந்த பந்தில் வேகம் குறைவு, அதைத் தலையால் கோலுக்குள் செலுத்த அவ்வளவு கழுத்து வலு வேண்டும். பின்னால் திருப்பிவிட்டால் போதும். தடுப்பவர்கள் அத்தனை பேரும் பந்து வரும் திசையைப் பார்த்து நிற்பார்கள். பந்து அவர்கள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டால், திரும்புவதற்கு ஒரு நொடி ஆகும். ராக்னருக்கு அந்த ஒரு நொடிதான் தேவை. அவர் நிற்பதில்லை, பந்து அரோன் கையை விட்ட பிறகுதான் ஓடத் தொடங்குவார்.

கெட்டுப்போகும் வழிகளும் இதில் உண்டு. வீசும்போது ஒரு கால் தரையை விட்டு எழும்பினால் பந்து எதிரணிக்கு. விளம்பரப் பலகை பக்கக் கோட்டுக்கு நெருக்கமாக இருந்தால் ஓடிவர இடம் இருக்காது, வீச்சின் தூரம் குறையும். பந்து ஈரமாக இருந்தால் விரல் வழுக்கும், அதனால்தான் அந்தத் துடைப்பு. எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து வேறு: பின்வரிசையின் நடுவைக் காக்க வேண்டிய இரண்டு சென்டர் பேக்கும், அதாவது காரியும் ராக்னரும், எதிரணியின் பெட்டிக்குள் நிற்கிறார்கள். பந்தை எதிரணி முட்டி வெளியே தள்ளிவிட்டால் வீட்டில் ஆள் இல்லை. இதற்கான விலையை ஐஸ்லாந்து ஒருமுறை கொடுத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஹெய்மிர் பிறந்தது 1967 ஜூன் 10, ஐஸ்லாந்தின் தெற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் வெஸ்ட்மன்னேயார் தீவுக்கூட்டத்தில். அதில் ஆள் வசிக்கும் தீவு ஒன்றே ஒன்று, ஹெய்மேய். மக்கள்தொகை நாலாயிரத்துச் சொச்சம். 1973 ஜனவரி 23 அதிகாலையில் ஊருக்குப் பக்கத்திலேயே நிலம் பிளந்து எரிமலை வெடித்தது. முந்தைய நாள் புயலால் மீன்பிடிப் படகுகள் எல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடந்ததால், விடிவதற்குள் ஏறத்தாழ மொத்தத் தீவையும் காலி செய்துவிட்டார்கள். ஹெய்மிருக்கு அப்போது 5 வயது. எரிமலைக் குழம்பின் மேல் மாதக்கணக்கில் கடல்நீரைப் பீய்ச்சி அடித்துத் துறைமுகத்தைக் காப்பாற்றினார்கள். சாம்பலைத் தோண்டி வீடுகளை மீட்டு ஊர் திரும்பியது.

அந்த ஊரின் கிளப் ஐபிவி. ஹெய்மிர் அதில் டிஃபெண்டர். நல்ல ஆட்டக்காரர், அவ்வளவுதான். நாட்டின் சீனியர் அணிக்கு அவர் ஆடியதே இல்லை. பல் மருத்துவம் படித்தார், ஊரில் கிளினிக் நடத்தினார், ஆடிக்கொண்டிருந்தபோதே பயிற்சியாளராகவும் இறங்கினார். ஐபிவியின் பெண்கள் அணி, பிறகு ஆண்கள் அணி. இரண்டாம் நிலையிலிருந்த ஆண்கள் அணியை 2008-ல் முதல் நிலைக்கு ஏற்றினார். 2010-லும் 2011-லும் அந்தச் சின்னத் தீவு நாட்டின் லீக்கில் மூன்றாம் இடம் பிடித்தது.

பல் மருத்துவர் பயிற்சியாளர் ஆனார் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் ஆச்சரியப்பட்டதில் கொஞ்சம் அறியாமையும் உண்டு. ஐஸ்லாந்து லீக் முழுநேரத் தொழில் லீக் அல்ல. ஆட்டக்காரர், பயிற்சியாளர் பலருக்கும் பகலில் வேறு வேலை இருக்கும். 2018 உலகக் கோப்பையில் ரைட் பேக் ஆடிய பிர்கிர் மார் சேவார்சன் உப்புப் பொட்டலம் போடும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். கோல்கீப்பர் ஹன்னெஸ் ஹால்டோர்சன் விளம்பரப் பட இயக்குநர். அவர்கள் நடுவில் ஒரு பல் மருத்துவர் இருப்பதில் என்ன அதிசயம்? கவனிக்க வேண்டியது வேறு: சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவருக்கும் அங்கே ஐரோப்பியக் கால்பந்து சங்கமான யூஇஎஃப்ஏவின் உரிமம் இருக்கும், சம்பளமும் இருக்கும். 2000-க்குப் பிறகு முழு அளவு மைதானமே கூரைக்குள் அடங்கும் கூடங்கள் எழும்பின. பள்ளிகளுக்குப் பக்கத்தில் செயற்கைப் புல் போட்ட குட்டி மைதானங்கள் வந்தன. அந்தக் காலத்தில் வளர்ந்த பையன்கள்தான் கில்ஃபி சிகுர்ட்சன், அரோன், யோஹன் பெர்க், பிர்கிர் ப்யார்னாசன், கோல்பெய்ன். 2011-ல் 21 வயதுக்குட்பட்டோர் யூரோவில் இவர்கள் சேர்ந்தே ஆடினார்கள். ஹெய்மிரின் கைக்கு வந்தது அரைவேக்காடு அல்ல, பதமாக வெந்த தலைமுறை. அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது நேர்மையாகாது.

2011 கடைசியில் ஸ்வீடனின் லார்ஸ் லாகர்பெக் ஐஸ்லாந்து அணிக்கு வந்தபோது ஹெய்மிர் உதவியாளர். 2012-ல் ஃபிஃபா தரவரிசையில் அணியின் இடம் 131. 2013 நவம்பரில் உலகக் கோப்பைக்கான பிளே ஆஃப், அதாவது கடைசித் தகுதி ஆட்டங்கள்: ரெய்க்யாவிக்கில் குரோஷியாவுடன் 0-0, ஸாக்ரெப்பில் 0-2. இரண்டாவது ஆட்டத்தில் மான்ட்ஸுகிச் சிவப்பு அட்டை வாங்கி முதல் பாதியிலேயே வெளியேறிவிட்டார். 10 பேரை எதிர்த்து 50 நிமிடத்துக்கு மேல் ஆடியும் ஐஸ்லாந்தால் ஒரு கோல் போட முடியவில்லை. பந்து நம்மிடம் இருந்தால் என்ன செய்வது என்று தெரியாத அணி என்பது அன்று அம்பலமானது. அதன்பின் ஹெய்மிரை இணைப் பயிற்சியாளராக்கினார்கள். யூரோ முடிந்ததும் அவர் தனியாகப் பொறுப்பேற்பார் என்று அப்போதே முடிவாகிவிட்டது. இப்படி ஒழுங்காகப் பட்டம் கட்டிய கூட்டமைப்புகள் உலகில் குறைவு.

இங்கே நாட்டு அணி வேலையின் அடிப்படைச் சிக்கலைச் சொல்லியாக வேண்டும். கிளப் பயிற்சியாளருக்கு வாரம் முழுக்க ஆட்கள் கையில் இருப்பார்கள். நாட்டு அணிக்கு ஒரு இடைவெளியில் பத்து நாள், இரண்டு ஆட்டம். திங்கட்கிழமை வந்து சேர்பவர்களில் பாதிப் பேர் ஞாயிறு ஆடிவிட்டு வருவார்கள், அவர்களுக்கு ஓய்வு. பயண நாள், ஆட்டத்துக்கு முந்தைய நாளின் லேசான பயிற்சி, ஆட்டத்துக்கு மறுநாள் ஓய்வு என்று கழித்துக்கொண்டே போனால், முழு வேகத்தில் சொல்லிக்கொடுக்கக் கிடைப்பது மூன்று அல்லது நான்கு பயிற்சி நேரம்தான். இதற்குள் பத்துப் பாடம் நடத்தினால் ஒன்றும் தேறாது. இரண்டு பாடம், அதே ஆட்கள், அதே இடம், வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப. லாகர்பெக்கும் ஹெய்மிரும் எடுத்த வழி இது. 2016 யூரோவில் ஐந்து ஆட்டத்திலும் ஐஸ்லாந்து ஒரே 11 பேரைத்தான் தொடக்கத்தில் இறக்கியது.

பாடம் பழைய 4-4-2: பின்வரிசையில் நாலு பேர், நடுவில் நாலு பேர், முன்னால் கோல் போட இரண்டு ஸ்ட்ரைக்கர். இரண்டு ஸ்ட்ரைக்கர்களும் எதிரணி சென்டர் பேக்குகளைத் துரத்த மாட்டார்கள். நடுவில் நிற்கும் மிட்ஃபீல்டருக்குப் பாஸ் போகும் பாதையை மறைத்து நிற்பார்கள். வேறு வழியில்லாமல் பந்து ஓரத்துக்குப் போகும். போனதும் அந்தப் பக்கத்து விங்கர், ஃபுல் பேக், அருகிலுள்ள மிட்ஃபீல்டர், ஒரு ஸ்ட்ரைக்கர் என்று நாலு பேர் வளைப்பார்கள், பக்கக் கோடு ஐந்தாவது ஆள். மறுபக்க விங்கர் நடுவுக்கே வந்துவிடுவார், அவர் ஓரம் காலி. காரியும் ராக்னரும் வேகமானவர்கள் அல்ல, ஆகவே பின்வரிசை ஆழத்திலேயே இருக்கும், முதுகுக்குப் பின்னால் ஓட இடம் கொடுக்காது.

ஓட்டை எங்கே என்றால், அந்தக் காலி ஓரத்தில். ஒரே உதையில் 40 மீட்டர் குறுக்கே பந்தை மாற்றத் தெரிந்தவர் எதிரணியில் இருந்தால், அது காற்றில் இருக்கும் இரண்டு மூன்று நொடிக்குள் எட்டுப் பேரும் சேர்ந்து நகர வேண்டும். கால் களைத்தால் நகராது. இன்னொன்று, பாஸ் கொடுப்பவரை யாரும் நெருக்காதபோது பின்வரிசை கொஞ்சம் மேலே ஏறி நின்றால், தலைக்கு மேல் ஒரு பந்து போதும். 20 நாளில் ஐந்தாவது ஆட்டம், அதே 11 பேர், எதிரே பிரான்ஸ்: 12-வது நிமிடத்தில் மத்துய்டி அப்படி ஒன்றைப் போட்டார், ஜிரூ உள்ளே தள்ளினார். இடைவேளையில் 4-0. முடிவில் 5-2. மாறாத அணியின் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

தனிப் பொறுப்பில் ஹெய்மிர் செய்ததுதான் என் கணக்கில் அவருடைய பெரிய சாதனை, யூரோ அல்ல. 2018 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் குரோஷியா, உக்ரைன், துருக்கி மூன்றும் ஒரே குழுவில். ஸ்ட்ரைக்கர் கோல்பெய்ன் முழங்கால் காயத்தால் காணாமல் போனார். ஹெய்மிர் அவருக்குப் பதில் இன்னொரு கோல்பெய்னைத் தேடி அலையவில்லை. பல ஆட்டங்களில் கில்ஃபியை ஒற்றை ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் ஏற்றி, நடுவில் எமில் ஹால்ஃபிரெட்சனைச் சேர்த்தார். அடித்தளம் அதே, ஒரு தூண் மட்டும் இடம் மாறியது. 2017 ஜூனில் ரெய்க்யாவிக்கில் குரோஷியாவை 90-வது நிமிட கோலால் 1-0. அக்டோபரில் துருக்கி மண்ணிலேயே 3-0. மூன்று நாள் கழித்து கொசோவோவை 2-0. 22 புள்ளியுடன் குழுவில் முதலிடம், குரோஷியாவுக்கு 20. அதுவரை உலகக் கோப்பைக்கு வந்த நாடுகளில் மக்கள்தொகையில் மிகச் சிறியது ஐஸ்லாந்துதான். 2018 பிப்ரவரியில் தரவரிசை 18.

இதற்கிடையே ஒரு வழக்கம் வைத்திருந்தார். ரெய்க்யாவிக்கில் ஆட்டம் இருக்கும் நாளில், தொல்ஃபன் என்ற ரசிகர் கூட்டம் கூடும் மதுக்கடைக்குப் போவார். வெளியே யாருக்கும் தெரியாத 11 பேர் பட்டியலையும் அன்றைய திட்டத்தையும் அவர்களிடம் சொல்லுவார். யாரும் படம் எடுக்கக் கூடாது, வெளியே சொல்லக் கூடாது. ஆரம்பத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் வந்தார்கள், பிறகு இடம் கொள்ளாத கூட்டம். விஷயம் கசிந்ததில்லை. வேறு நாட்டில் இதைச் செய்து பார்த்தால் பதினைந்தே நிமிடத்தில் ட்விட்டரில் இருக்கும்.

ரஷ்யாவில் முதல் ஆட்டம் அர்ஜென்டினாவுடன் 1-1. மெஸ்ஸியின் பெனால்டியை ஹன்னெஸ் தடுத்தார், மெஸ்ஸியின் பழைய பெனால்டிகளை உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்திருந்தார். இரண்டாவது ஆட்டம் வோல்கோகிராட், ஜூன் 22, நல்ல வெயில், எதிரே நைஜீரியா. காயத்தால் யோஹன் பெர்க் இல்லை. ஹெய்மிர் மறுபடி இரண்டு ஸ்ட்ரைக்கர்களை இறக்கினார். முதல் பாதி கையில் இருந்தது. 49-வது நிமிடம், அரோனின் நீண்ட த்ரோ இன். நான் மேலே சொன்ன விலை இங்கேதான். நைஜீரியா பந்தை முட்டி வெளியேற்றியது, மோசஸ் வலப்பக்கம் பறந்தார், க்ராஸ், அகமது மூசா கோல். பிறகு மூசாவே இன்னொன்று. கில்ஃபி பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே அடித்தார். 0-2. கடைசியில் குரோஷியாவிடம் 1-2. ஜூலையில் ஹெய்மிர் விலகினார்.

கத்தாரின் அல் அரபி கிளப்பில் இருந்த இரண்டரை வருடத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அரோனை அங்கே வரவழைத்துக்கொண்டார், அரோனுக்குக் காயம் வந்தபோது பிர்கிர் ப்யார்னாசனை. 2020 அமீர் கோப்பை இறுதியில் அல் சத்திடம் 1-2 என்று தோற்றார்கள்.

2022 செப்டம்பரில் ஜமைக்கா. ஐஸ்லாந்துக்கு நேர் எதிரான கையிருப்பு: வேகமான தனி ஆட்டக்காரர்கள், இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த பலர், ஆனால் சேர்ந்து ஆடிய நாட்கள் குறைவு. கிங்ஸ்டனுக்கும் லண்டனுக்கும் நடுவில் ஒரு சமுத்திரம். ஒவ்வொரு முகாமுக்கும் பாதி அணி கண்டம் தாண்டிப் பறந்து வரும். அவர் முறைக்குத் தேவையான ஒரே பொருள், அதாவது அதே ஆட்கள் திரும்பத் திரும்ப வருவது, அங்கே கிடைக்கவில்லை. முதல் வெற்றிக்கே, வட, மத்திய அமெரிக்க, கரீபிய நாடுகளின் கோப்பையான 2023 கோல்ட் கப் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் அதில் அரையிறுதி வரை போனார்கள். நவம்பரில் கனடாவிடம் வீட்டில் 1-2 தோற்று, டொரான்டோ போய் 3-2 ஜெயித்து, மொத்தம் 4-4 ஆனதால், வெளியூரில் யார் அதிக கோல் போட்டார்கள் என்ற கணக்கில் தென் அமெரிக்கக் கோப்பையான கோபா அமெரிக்காவுக்கு இடம் பிடித்தார்கள். 2024 மார்ச்சில் கான்ககாஃப் நேஷன்ஸ் லீக் அரையிறுதியில் அமெரிக்காவை முதல் நிமிடத்திலிருந்து, 90 நிமிடத்துக்குப் பிறகு கூட்டிக்கொடுத்த நேரத்தின் கடைசி நொடி வரை 1-0 என்று பிடித்து வைத்திருந்து, ஒரு கார்னரில் தங்கள் கோலுக்குள்ளேயே முட்டிக்கொண்டார்கள். பிறகு 1-3. மூன்றே நாளில் பனாமாவை 1-0 வென்று மூன்றாம் இடம். கோபாவில் மூன்று ஆட்டமும் தோல்வி. விலகினார்.

2024 ஜூலை 10-ல் அயர்லாந்து அவரை அறிவித்தபோது டப்ளினில் யாருக்கும் பெரிய சந்தோஷம் இல்லை. முதல் ஆட்டத்தில் இங்கிலாந்திடம் 0-2, அடுத்து கிரீஸிடம் 0-2. நவம்பரில் வெம்ப்ளியில் மறுபடி இங்கிலாந்துடன், இடைவேளை வரை 0-0. 51-வது நிமிடத்தில் லியாம் ஸ்கேல்ஸுக்குச் சிவப்பு அட்டை. 53, 55, 58-வது நிமிடங்களில் மூன்று கோல். முடிவு 0-5. இதில் வரிசை சரியாகத்தான் இருந்தது, ஆள் குறைந்ததும் அடுத்த ஐந்து நிமிடம் எப்படி நிற்பது என்பது பழகவில்லை. பழைய ஐஸ்லாந்து அணி அந்த நேரத்தில் யாராவது கீழே விழுந்து கால் பிடித்துக்கொண்டாவது ஒரு நிமிடத்தைத் தின்றிருக்கும்.

2025 செப்டம்பரில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. ஹங்கேரியுடன் 0-2 என்று பின்தங்கி, 90 நிமிடத்துக்குப் பிறகு கூட்டிக்கொடுத்த நேரத்தில் 2-2 ஆக்கினார்கள். மூன்று நாள் கழித்து யெரவானில் அர்மீனியாவிடம் 1-2. பதவி போய்விடும் என்றே எல்லோரும் எழுதினார்கள். அக்டோபரில் போர்ச்சுகலுடன் ஆட லிஸ்பனுக்கு வந்தபோது பின்வரிசையில் 5 பேர், அதற்கு முன் 4 பேர், ஒற்றை ஸ்ட்ரைக்கர். பத்து வருடத்துக்கு முந்தைய பாடப்புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டியது போலிருந்தது, அட்டை மட்டும் புதுசு. ரொனால்டோவின் பெனால்டியை அயர்லாந்து கோல்கீப்பர் கெல்லஹர் தடுத்தார், 91-வது நிமிடத்தில் போர்ச்சுகல் ஒரு கோல் போட்டது. தோல்விதான், ஆனால் என்ன ஆட வேண்டும் என்று அணிக்குத் தெரிந்த முதல் நாள் அது.

நவம்பர் 13, டப்ளின். மறுபடி போர்ச்சுகல். 17-வது நிமிடத்தில் ஒரு கார்னர். பந்து தூரக் கம்பத்துக்குப் போகிறது, லியாம் ஸ்கேல்ஸ் அதைக் கோலுக்குள் முட்டாமல் குறுக்கே திருப்பிவிடுகிறார், ட்ராய் பேரட் தலையை வைக்கிறார். இடைவேளைக்கு முன் பேரட் இன்னொன்று. ரொனால்டோவுக்குச் சிவப்பு அட்டை. 2-0.

மூன்று நாள் கழித்து புடாபெஸ்ட். ஹங்கேரிக்கு 8 புள்ளி, அயர்லாந்துக்கு 7. பிளே ஆஃபுக்குப் போகும் இரண்டாம் இடத்துக்கு ஹங்கேரிக்கு டிரா போதும், அயர்லாந்து ஜெயித்தே ஆக வேண்டும். 3-வது நிமிடத்திலேயே ஹங்கேரி கோல். பேரட் பெனால்டியில் சமன். 37-வது நிமிடத்தில் ஹங்கேரி 2-1. 80-வது நிமிடத்தில் பேரட் 2-2. 90 நிமிடத்துக்குப் பிறகு கூட்டிக்கொடுத்த நேரத்தின் ஆறாவது நிமிடம். தங்கள் பாதியிலிருந்து கெல்லஹர் பந்தை நீளமாக உதைக்கிறார். எதிரணிப் பெட்டிக்குள் ஏறி நிற்பது, வெம்ப்ளியில் சிவப்பு அட்டை வாங்கிய அதே சென்டர் பேக் ஸ்கேல்ஸ். அவர் பந்தைத் தலையால் முன்னே தட்டிவிட, தடுப்பவர்கள் திரும்புவதற்குள் பேரட் ஓடிவந்து காலை நீட்டுகிறார்.